துடைச்சிட்டு வாங்க

ஃபோரத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவராக வைத்துக்கொண்டதல்ல. கேள்வியோடு வருகிறவர்களின் பேச்சை அவர் பாதியிலேயே நறுக்கிவிடுகிற அழகைப் பார்த்து யாரோ வைத்தது. கேட்டால் கோபப்படுவார் என்று நினைத்தார்கள். அவருக்கோ அது பட்டம் கொடுத்த மாதிரி இனித்தது.

அது என்ன ஃபோரம் என்றால், தீப்பெட்டி அளவு கம்ப்யூட்டர் போர்டுகளுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றித் தரும் ஓர் இலவச பில்ட் சிஸ்டத்துக்கானது. எந்த போர்டு, என்னென்ன புரோகிராம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். அதுவே நெட்டிலிருந்து அந்த புரோகிராம்களின் மூலமான சோர்ஸ் ஃபைல்களை இறக்கி, எல்லாவற்றையும் கட்டி முடித்து, போர்டில் ஏற்ற வேண்டிய ஒரே ஃபைலாகக் கையில் கொடுத்துவிடும். காசு கிடையாது. சிக்கிக்கொண்டால் போய்க் கேட்க ஒரு கம்பெனியும் கிடையாது. ஃபோரம்தான் கதி. அங்கே பதில் சொல்கிறவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத புண்ணியவான்கள். பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் பதில் சொல்லி வருகிற புண்ணியவான் கத்தரி.

ஆபீசில் அவருக்கு, லிஃப்ட்டில் மாடி எண் காட்டுகிற போர்டுகளைச் சோதிக்கும் வேலை. பாத்ரூம் கதவுக்குப் பக்கத்து மேசை. மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால், அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரான மேனேஜர் வாட்சைப் பார்ப்பார். வீட்டில் மனைவி, ஊருக்கெல்லாம் சும்மா உழைக்கிறீர்களே, நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டருக்கு எப்போது விடிவு என்பாள். ஆகவே காலை ஏழு மணிக்கு, அவள் டிபன் டப்பா கட்டுகிற அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். நாலு பேர் பார்க்க ஒருவரை மட்டம் தட்டிவிட்டு எழுந்தால்தான் அவருக்கு அன்றைக்குப் பொழுது விடிந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒற்றைச்சடை என்ற பெயரில் ஒரு பெண் கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர்கள் நர்ஸைக் கூப்பிட அழுத்துகிற மணியைச் செய்யும் சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. முன்னால் இருந்தவர் விட்டுப் போன வேலையை மூன்று மாதமாக அவள் ஒருத்தியே பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை சரக்கு போக வேண்டும். அது ஒழுங்காகப் போனால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு சின்ன மாற்றம் செய்ததிலிருந்து பில்ட் பாதியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் சார் என்று கேட்டிருந்தாள்.

கத்தரி நாலு வரிக்கு மேல் படிக்கவில்லை. "முழுசா துடைச்சிட்டு வாங்க" என்று எழுதி, துடைக்கும் கட்டளையையும் கீழே போட்டார்.

அந்த சிஸ்டத்தில் துடைப்பதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. சின்னது, கட்டியதை மட்டும் அழிக்கும். பெரியது, இறக்கி வைத்த சோர்ஸ் ஃபைல்களையும் சேர்த்து வழித்துப் போட்டுவிடும். அவளுக்குச் சின்னது போதும். கத்தரி போட்டது பெரியது. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டார். இவ்வளவு பெரிய ஆள் சொல்கிறாரே என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டாள்.

மதியம் அவள் மறுபடி எழுதினாள். மணிச் சத்தத்தை எழுப்புகிற புரோகிராமின் சோர்ஸ் இப்போது இறங்க மாட்டேன் என்கிறது. அதை எழுதியவர் தன் தளத்தையே எப்போதோ மூடிவிட்டார். கம்பெனியில் இருந்த ஒரே பிரதி, துடைத்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. யாரிடமாவது அந்த ஃபைல் இருக்குமா? அதற்குக் கீழே, ஃபோரத்துக்குப் புதிதாக வந்த ஒருவன், சின்னத் துடைப்பு போதுமே, கத்தரி சார் ஏன் பெரியதைச் சொன்னார் என்று கேட்டிருந்தான்.

கத்தரிக்குக் காது சிவந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எப்போதோ இறக்கி வைத்த அந்த ஃபைல் தன்னிடம் இருப்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. அனுப்ப இன்னும் ஒரு நிமிஷம் ஆகும். ஆனால் அனுப்பினால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? எனவே முதல் காரியமாக, காலையில் எழுதிய பதிலில் பெரிய கட்டளையை எடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் சின்னதைப் போட்டார். பழைய ஆள் என்பதால் திருத்திய தடயம் தெரியாமல் திருத்துகிற உரிமை அவருக்கு இருந்தது. பிறகு அவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்.

"ஃபைல் என்கிட்ட இருக்கு. தப்பு உங்களோடதுன்னு ஃபோரத்துல எழுதுங்க. அப்புறம் தரேன்."

அவள் கால் மணி நேரத்தில் எழுதினாள். கத்தரி சார் சொன்னபடி செய்தேன், ஆனால் என்ன ஏதென்று படிக்காமல் செய்தது என் தப்பு என்று. புதன்கிழமை காலையில் அவர், 'கத்தரி சார் சொன்னபடி' எதற்கு என்று கேட்டார். எடுத்துவிட்டாள். 'அலட்சியம்' என்ற சொல் வர வேண்டும் என்றார். சேர்த்தாள். கேள்வி கேட்ட அந்தப் புதியவனும் தான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று வாலைச் சுருட்டிக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் அவள் பதிவு அவர் மனசுக்கு ஏற்ற மாதிரி வந்து சேர்ந்தது. என் அலட்சியத்தால் கம்பெனியின் ஃபைலை அழித்தேன், தப்பு முழுவதும் என்னுடையது, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தனிச் செய்தியில், இன்றைக்காவது அனுப்புங்கள் சார், நாளைக்குச் சரக்கு போகணும் என்று கெஞ்சியிருந்தாள்.

அன்று அனுப்பியிருக்கலாம். சாயங்காலம் மச்சினன் வந்துவிட்டான். கத்தரி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பெண்ணை எப்படி வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன் பார் என்று ஒவ்வொரு திருத்தமாகப் படித்துக் காட்டினார். மச்சினனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாவம் மாமா. அனுப்பி விட்டுருங்க."

"ஒரு ராத்திரி தவிக்கட்டும். அப்பதான் புத்தி வரும்" என்றார் கத்தரி.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபைலை அனுப்பினார், பிரதி எடுத்து வைப்பதன் அருமை பற்றி முக்கால் பக்க உபதேசத்தோடு. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"ஃபைல் கிடைச்சுது சார், நன்றி. ஆபீசுக்கு அனுப்பிட்டேன். சரக்கு இன்னைக்குப் போயிடும். என்னை நேத்து சாயங்காலமே நிறுத்திட்டாங்க. நான் எழுதினதை முதலாளி பிரிண்ட் எடுத்து மேசை மேல வெச்சிருந்தார். அலட்சியம்னு நீயே எழுதியிருக்கியேம்மா, நான் இன்னும் என்ன கேக்கணும்னார். நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு உங்க பதிலைத் திறந்து காட்டினேன். அதுல சின்னக் கட்டளைதான் இருக்கு. பொய் வேற சொல்றேன்னுட்டார். பெரியதைச் சொன்னது நான்தான்னு நீங்க ஒரே ஒரு வரி எழுதினா போதும் சார். பன்னெண்டு மணிக்குள்ள காட்டினா யோசிக்கறேன்னு சொல்லியிருக்கார். பதிலை மாத்தினது பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கத்தரிக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைப்பானேன், நெஞ்சு வரைக்கும் சுட்டது. பதில் பெட்டியைத் திறந்து, 'பெரிய கட்டளையைச் சொன்னது நான்தான்' என்று அடித்தும் விட்டார். தன் பெயருக்குக் கீழே அந்த வரி எப்படி இருக்கிறது என்று பார்த்தார். அந்தப் புதியவன் அதைப் படிப்பான். எல்லாரும் படிப்பார்கள். ஓர் எழுத்து விடாமல் அழித்தார். பிறகு அந்தக் கேள்விக்குக் கீழே, ஃபைலைத் தேடி அனுப்பியாயிற்று என்று மட்டும் எழுதி, 'தீர்ந்தது' என்று முத்திரை குத்தி, இனி யாரும் கீழே எழுத முடியாதபடி பூட்டிவிட்டார். கேட்டவளுக்குத் தேடிப் பிடித்து ஃபைலும் கொடுத்தாரே என்று அவர் ஷூ மாட்டுவதற்குள் ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள்.

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணுக்கு ஒரு ஃபைல் தேவைப்பட்டுது. தேடிக் குடுத்தேன்."

"நல்ல காரியம்" என்றாள் அவள், கிண்டல் இல்லாமல்.

பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் டிபன் டப்பாவைத் திறந்தார். நல்ல பசி.