நான்காவது ஷவர்

கடைக்காரர் நான்காவது ஷவரையும் பெட்டியைப் பிரித்து நீட்டினார். சின்னவள் அதைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் துளைகளைப் பார்த்தாள். வாய் வைத்து ஒரு தடவை ஊதினாள். மரை இருக்கும் இடத்தை விரலால் தடவினாள்.

"இது தண்ணிய மிச்சம் பண்ணும்மா. காத்தக் கலந்து விடும். பழசுல போறதுல பாதிதான் போகும்."

"போன தடவை குடுத்ததுக்கும் இதையேதான் சொன்னீங்க."

"அதை நீங்க மாட்டவே இல்லையே, அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டீங்க. மூணு வாரத்துல மூணு ஷவர். மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். லிஃப்ட் மெக்கானிக் அவள். எட்டு மாடிப் பள்ளத்துக்கு மேல் நின்றுகொண்டு கை நடுங்காமல் பிரேக்கைச் சரிசெய்கிறவள். ஒரு ஷவர் வாங்க மூன்று வாரம் அலைகிறாள் என்றால் கூட வேலை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"எங்க இருக்க? அப்பா உன்னைத்தான் கேக்கறாரு. காலைலேர்ந்து மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. சீக்கிரம் வந்துடு."

"இதையே குடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

அப்பா தண்ணீர் இலாகாவில் முப்பத்திநாலு வருஷம் ஒழுகல் கண்டுபிடித்தவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அங்கே அவருக்கு 'காது' என்றுதான் பெயர். அவர் சொன்ன இடத்தில் தோண்டி ஏமாந்தவர்கள் கிடையாது. இப்போது இதயம் கைவிட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். குளியலறைச் சுவரை ஒட்டித்தான் கட்டில் போட இடம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அம்மா ஒரு வாளி வைத்திருந்தாள். காலையில் அது நிறைந்திருக்கும், பின்பக்கச் செடிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவாள்.

வந்து படுத்த அன்றைக்கே அப்பா சொன்னார். "இந்தச் சொட்டு நிக்காம நான் கிளம்பறதா இல்ல."

"ஊரு ஒழுகலையெல்லாம் அடைச்ச மனுஷன், வீட்டு ஒழுகலுக்கு நாள் பாத்துக்கிட்டே இருந்தாரு" என்று அம்மா இடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும்தான் சிரித்தாள். ஆனால் அப்பா சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சொட்டு இருக்கும்வரை அப்பா இருப்பார். மடத்தனம் என்று தெரிந்தேதான் நம்பினாள். அதனால் முதல் ஷவர் சின்னது என்று திரும்பிப் போனது, அடுத்தது பார்க்க நன்றாயில்லை என்று போனது, மூன்றாவதற்குக் காரணம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பாவின் உதடு வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணால் சுவரைக் காட்டினார். அவள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டொக். வாளியில் சத்தம் கேட்டது.

"என்னடி இது, புதுசும் ஒழுகுது?" என்றான் அண்ணன். "கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான். குடு, நான் போய்க் கேக்கறேன்."

"அவனை ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார் அப்பா. "நீ போய் எனக்கு வெந்நீர் எடுத்துட்டு வா." அண்ணன் போகும்வரை காத்திருந்தார். "குழாய்ல வாஷர் தேஞ்சு போயிருக்கு. ஷவர் என்ன பண்ணும், பாவம். உனக்குத் தெரியாதா?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியும்ப்பா."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

"வாஷர் வாங்கிட்டியா?"

"பையிலதான் இருக்கு. மூணு வாரமா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அதுவே இருமலானது. அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நடுவழியில நின்னுபோன லிஃப்ட்ல ஒருத்தன் மாட்டியிருந்தா, கதவைத் திறக்காம இதோ இதோன்னு சொல்லிக்கிட்டே இருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப போய் மாத்து."

"எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கு இல்ல" என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தச் சத்தம்தான் தாங்கல. கேட்டா எழுந்து போய் அடைச்சே பழக்கம். இப்படிப் படுத்துக்கிட்டு சும்மா கேட்டுக்கிட்டிருக்க முடியலடி."

அவள் எழுந்து போனாள். மெயின் வால்வை மூடி, குழாயின் தலையைத் திருகி எடுத்தாள். உள்ளே வாஷர் கருத்து, ஓரம் பிய்ந்து கிடந்தது. பையிலிருந்ததைப் போட்டு இறுக்கினாள். ஐந்து நிமிஷ வேலை.

திரும்பி வந்தபோது அப்பா கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"மெயினைத் திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்."

"பொய் சொல்லாத."

"நெசமாப்பா."

இன்னும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "குளிக்கணும்" என்றார்.

"இந்த நிலைமையிலயா?" என்றான் வெந்நீரோடு வந்த அண்ணன்.

"ஆசைப்படறாரு, குளிக்கட்டும்" என்றாள் அம்மா.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் குழாயைத் திறக்கப் போனாள். அப்பா கையைத் தூக்கினார். "மொதல்ல பக்கெட்." அவருடைய பரீட்சை அது. எந்தக் குழாயாக இருந்தாலும் வாளி நிறைய எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பழைய ஷவரில் நாற்பதுக்குள் நிறைந்துவிடும். அவர் உதடு அசைய எண்ணினார். நாற்பதில் வாளி பாதிகூட ஏறவில்லை.

"பரவால்ல. மூணு வாரம் வீண் போகல" என்றார்.

பிறகு தண்ணீருக்கு முகத்தைக் கொடுத்தார். தண்ணீர் குறைவாக, மெல்லிசாக, ஆனால் நன்றாக விழுந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் தலையைத் தேய்த்துவிட்டாள். "ஏங்க, காதுக்குப் பின்னால எவ்வளவு அழுக்கு" என்றாள். "அதை விட்டுடு, அதான் வேலைக்கான அடையாளம்" என்றார் அவர்.

துவட்டி, தேய்த்த சட்டை போட்டுப் படுக்க வைத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா போர்வையைச் சரிசெய்யப் போனபோது அவர் தூக்கத்திலேயே போயிருந்தார். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். சின்னவள் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மாற்றாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு தடவை நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனார்கள். யாரோ குளியலறையைக் கழுவிவிட்டு, வாளியைப் பழையபடி ஷவருக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் அம்மா எழுந்து குளியலறைக்குப் போவதைச் சின்னவள் பார்த்தாள். செடிக்கு ஊற்றும் நேரம். அம்மா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்தாள். மறு கையால் வாளிப் பிடியை இறுகப் பிடித்து, நிறைந்த வாளியைத் தூக்குகிற பலத்தோடு இழுத்தாள். வாளி சட்டென்று அவள் தோள்வரை வந்துவிட்டது.