வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு

காசாபிளாங்காவில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அயர்லாந்துச் சிற்றூரில் வளர்ந்தவளுக்கு அது ஒத்துவரவில்லை. அதனால்தான் தஃப்ராவுத் என்ற மலையூர்ப் பள்ளிக்கு வந்தேன். இங்கே தெருவே சலாம் சொல்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு விருந்துக்குக் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் மணக்க, நான் மட்டும் தனியாக ரொட்டி தின்கிறேன்.

காசாபிளாங்காவின் பழைய பள்ளி திரும்பக் கூப்பிட்டது; இன்று வெள்ளிக்கிழமை, மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிடலாம் என்று, கீழே வீட்டுக்காரம்மா இஸ்ஸாவிடம் போனேன்.

"என்ன டீச்சர், ஹெட்மாஸ்டர் வீட்டுல நல்லா சாப்பிட்டியா?"

"அவங்க கூப்பிடலையே."

"அப்போ ரொட்டிக்கடைக்காரர் வீடா?"

"எந்த வீடும் இல்லம்மா. இதுவரைக்கும் யாருமே கூப்பிட்டதில்ல."

இஸ்ஸா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடக் கடவுளே! உன்னை யாராவது முன்னாடியே கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்! மத்தவங்க நீ எங்க வீட்டுல சாப்பிடறேன்னு நெனச்சிருப்பாங்க."

"ஊரே விருந்து வெச்சு டீச்சரைப் பட்டினி போட்டிருக்கு" என்று அவர் மகள் சிரித்தாள்.

மிச்சமிருந்ததைச் சூடாக்கித் தந்தார்கள். அவர்கள் முன்பே சாப்பிட்டிருந்ததால் இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். காலி செய்யும் பேச்சை எடுக்கவில்லை.

மாடிக்கு வந்து, வரவில்லை என்று பழைய பள்ளிக்குப் போன் செய்தேன். காசாபிளாங்காவில் என்னைப் பற்றி இப்படித் தப்பாக நினைக்கக்கூட ஆளில்லை.