கால்வெஸ்டனில் மூடாத கதவுகள்

ஐஸ் ஹாக்கிக்குத் தரையை உறைய வைப்பது பெரிய வித்தையில்லை. சிமென்ட் தளத்துக்கு அடியில் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடும். அவற்றில் கடுங்குளிரான உப்புநீரை ஓட்டிக்கொண்டு மேலே தண்ணீரைத் தெளித்தால், படலம் படலமாக இறுகிவிடும். வெளியே வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கவலையில்லை. ஐஸுக்கு எதிரி ஈரக்காற்று. குளிர்ந்த சோடா பாட்டிலை மேஜைமேல் வைத்தால் வியர்க்கிறதல்லவா? ஈரக்காற்று ஒரு மைதானம் முழுக்கப் பரந்த ஐஸைத் தொட்டால் அதேதான் நடக்கும். ஆனால் வியர்வைக்குப் பதில் மூடுபனி எழும்.

கனடாவின் மானிட்டோபாவில் ஹாக்கி அரங்குகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தவரை எனக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே குளிர்காலக் காற்றில் ஈரமே இருக்காது. ஆனால் ஹாக்கி லீக் புதுப்புது ஊர்களைத் தேடிக்கொண்டிருந்தது. டெக்சஸில் கடலுக்கு நடுவே கிடக்கும் கால்வெஸ்டனில், இறால் மொத்த வியாபாரி ரோஸ்கோ டுப்ரே ஓர் அணியை ஆரம்பித்து, பெலிக்கன்கள் என்று பெயரும் வைத்துவிட்டார். அவருக்கு ஐஸ் போட, நான் அங்கே பிராண்டன் நகரத்தில் இருந்த வீட்டை விற்று, கணவரையும் இரண்டு பூனைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். லீக் போட்டது ஒரே நிபந்தனை: முதல் ஆட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் எங்கள் இடம் வேறு ஊருக்கு.

அரங்கின் ஈரத்தை உறிஞ்சப் பெரிய இயந்திரங்கள் வைத்திருந்தேன். கதவுகள் மூடியிருந்தால் அவை போதும். கதவுகளும் தாமாகவே மூடிக்கொள்ளும் வகைதான்.

கால்வெஸ்டன்காரர்களின் மரியாதையை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இங்கே கதவைத் திறந்தவர் பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பார். முகத்துக்கு நேரே கதவை விட்டால் அம்மா வளர்த்த வளர்ப்பையே சந்தேகிப்பார்கள். முதல் ஆட்டத்தன்று வந்ததோ ஊர் மொத்தமும். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் கதவைப் பிடித்தபடி நிற்க, கடற்காற்று ஜம்மென்று உள்ளே வந்தது.

"ஐயா, கதவ விட்டுடுங்க," என்றேன் ஒரு பெரிய தொப்பிக்காரரிடம்.

"விட்டுடலாம்மா. அந்தம்மா வந்துடட்டும்."

அந்தம்மாவுக்குப் பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் ஒரு சர்ச்சே வந்துகொண்டிருந்தது.

கதவை மூடச்சொல்லி எழுதி ஒட்டினேன். அடுத்தவர் நின்று படிக்க வசதியாகக் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தார்கள். காவலாளிகளை நிறுத்தினேன். அவர்களைப்போல் பணிவாகக் கதவு பிடித்தவர்கள் யாருமில்லை.

ஐஸின் மேல் பனி முழங்கால் உயரம் எழுந்து, பிறகு இடுப்பைத் தொட்டது. லீக் அனுப்பிய ஆய்வாளர் லிண்ட்க்விஸ்ட் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"எதிர் கோல் எங்க இருக்கு?"

"அங்கதான் சார் இருக்கு. காலைல பார்த்தேன்," என்றார் ரோஸ்கோ.

"எனக்குத் தெரியலையே. கொஞ்ச நேரம் பார்ப்பேன். இல்லேன்னா ரத்து."

ரோஸ்கோ என் காதருகே வந்தார். "ஏம்மா க்வென், ஏதாவது பண்ணு. இல்லேன்னா இந்த ஐஸ்ல நான் இறாலத்தான் கொட்டி வைக்கணும்."

அப்போதுதான் தேசிய கீதம் பாட வந்த மிஸ் யூலா மைக்கைச் சரிபார்க்க முதல் வரியை இழுத்தார். அரங்கம் அப்படியே நின்றது. அமெரிக்க வழக்கப்படி ஒரு கையில் தொப்பி, மறு கை நெஞ்சில். கதவைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. எல்லாக் கதவுகளும் தாமே மூடிக்கொண்டன. ஒலிபெருக்கி வெளியேயும் கேட்டதால், வண்டி நிறுத்துமிடத்தில் இருந்தவர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

நான் மிஸ் யூலாவிடம் ஓடினேன். "இப்பவே பாடுங்க. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா."

"என்னை மெதுவாப் பாடச் சொன்ன முதல் ஆள் நீதாண்டி கண்ணு," என்று தொண்டையைச் செருமினார்.

ஒவ்வொரு சொல்லையும் அவர் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் இறக்கினார். யாருமே பாடாத பின்சரணங்களையும் விடவில்லை. கதவுகள் அசையவில்லை, இயந்திரங்கள் உறிஞ்சின. பாட்டு முடிந்ததும் லிண்ட்க்விஸ்ட் வாயைத் திறந்தார். மிஸ் யூலா முந்திக்கொண்டு, ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கனடாக்காரர்கள் என்று அறிவித்துவிட்டு, கனடா கீதத்தைத் தொடங்கினார். ஆய்வாளர் வாயை மூடி, கையை மறுபடி நெஞ்சில் வைத்தார். அது முடிந்ததும் அதையே பிரெஞ்சில். பிறகு டெக்சஸ் மாநிலப் பாட்டு. அதற்கு எழுந்து நிற்காமல் இந்த ஊரில் யாரும் உயிரோடு வீடு போக முடியாது.

கடைசி வரி ஓய்ந்தபோது பனி கணுக்காலுக்குக் கீழே கிழிந்து கிடந்தது. எதிர் கோல் பளிச்சென்று தெரிந்தது.

"தந்திரம் பண்ணிட்டீங்க," என்றார் லிண்ட்க்விஸ்ட் என்னிடம்.

"நிக்கச் சொன்னது நான் இல்லையே சார்."

அவர் கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நடுவருக்குக் கையசைத்தார். ஆட்டம் தொடங்கியது. இனி எங்கள் இடத்தை யாரும் பிடுங்க முடியாது என்று ரோஸ்கோ என் முதுகில் தட்டினார்.

"இடைவேளை ரெண்டு உண்டு," என்றார் லிண்ட்க்விஸ்ட், திரும்பாமலே. "எல்லாரும் சாப்பிட வெளிய போவாங்க, கதவப் பிடிச்சுக்கிட்டு."

மிஸ் யூலா வெந்நீரில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார். "மெக்சிகோ கீதமும் தெரியும்," என்றார். "பிரேசில் கொஞ்சம் கொஞ்சம்."