ரெண்டு சீட்டுச் சிவப்பு வண்டி

செம்மேட்டு டீக்கடையில் அந்த நான்கு கார்ப் பைத்தியங்களும் வந்து உட்கார்ந்தால், கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிடுவார். போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்தக் கூத்து. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆசை தீர ஓட்டி ஏறிவந்து, மலை மிளகு தூவிய ஆம்லெட்டைத் தின்றுகொண்டே, வைத்திருந்த வண்டி, ஓட்டிப் பார்த்த வண்டி, வாங்காமல் விட்ட வண்டி என்று பேசுவார்கள். பேச்சு தீர்ந்ததும் கிடையாது, தீரப்போவதும் கிடையாது.

எப்போதும் கலைமணிதான் ஆரம்பிப்பார். சேந்தமங்கலத்தில் டயர் கடை வைத்திருப்பவர். பல வருஷம் முன்பு விற்ற மஞ்சள் பாலியோ காருக்கு இன்னும் துக்கம் காக்கிறார்.

"ஒன் பாயிண்ட் சிக்ஸ் எஞ்சினுங்க! முப்பதாவது வளைவுல செகண்ட் கியரப் போட்டு மிதிச்சன்னு வைங்க, முதுகு சீட்டோட ஒட்டிக்கும்."

"போன மாசம் இருபதாவது வளைவுன்னீங்க," என்றாள் சங்கீதா. "உங்க பாலியோ வித்த பொறவுதாங்க வேகமா ஓடுது."

"தப்பிப்போன மீனுதான் பெரிய மீனு, விடு," என்று சிரித்தார் அவள் கணவர் குப்புசாமி. இருவரும் நாமக்கல் ரோட்டில் கோழித் தீவனக் கடை நடத்துகிறார்கள். அவர்களுக்குக் கார்தான் சினிமா, கார்தான் கோயில் குளம். ஆனால் வாங்காமல் விட்ட வண்டியைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் இரண்டு பேருமே டம்ளருக்குள் எதையோ தேடுவார்கள்.

அன்றைக்கு யமுனா தாமதமாக வந்தாள். ராசிபுரத்து வக்கீல். கூரையை மடித்துப் போட்ட சிவப்பு ஸ்டார்ம் அவளுடையது. தரையோடு தரையாக இருக்கும் ரெண்டு சீட்டுக் கார். அதிலிருந்து இறங்க அவள் பட்ட பாட்டைப் பார்த்துக் கலைமணி ஓடிப்போய்க் கை கொடுத்தார்.

"முட்டி போச்சுங்க. டாக்டர் இனிமே கிளட்சையே மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு," என்றாள் யமுனா. "வித்தர்லாம்னு இருக்கறேன். கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் சாயங்காலம் வாராரு. நம்ம ஆளுகளக் கேக்காம வாக்குக் குடுக்க மனசு வர்லீங்க. யாருக்காச்சும் வேணுமா?"

சங்கீதா சிவப்பு வண்டியையே பார்த்தாள். வேணுமாவாம்! இருபது வருஷமாக அந்த வண்டி ஒவ்வொரு தடவை தன்னைத் தாண்டிப் போகும்போதும் கழுத்து தானாக அதன் பின்னாலேயே திரும்புகிறதே, அது வேண்டாமலா?

அது அவளுக்கு வரவேண்டிய வண்டி. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் சேலத்தில் விலைக்கு வந்தது. ஏற்காடு ரோட்டில் அவளே ஓட்டிப் பார்த்தாள். காது மடல் சில்லிட, கூந்தல் அவிழ்ந்து பறக்க, இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. குப்புசாமியும் சரி என்றுவிட்டார். மாமியார்தான், "நாளைக்கிக் கொழந்த பொறந்தா எங்க கண்ணு உக்கார வெப்பே?" என்று கேட்டார். வாஸ்தவமான கேள்விதானே? எதற்கும் பூக்கேட்டு விடலாம் என்று அடிவாரத்துக் கருப்பணார் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் குழந்தை உண்டு. வெள்ளைதான் வந்தது. பளிச்சென்று வந்தது. கோயிலே சிரித்தது.

அப்புறமென்ன, ரெண்டு சீட்டு வண்டி எதற்கு? ஏழு பேர் உட்காரும் வெள்ளைக் குவாலிஸை வாங்கினார்கள். சிவப்பு வண்டி யமுனாவுக்குப் போனது. பிள்ளை பாலைக் கக்கும், பிஸ்கட்டைக் கொட்டும் என்று பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் சங்கீதா பிரிக்காமல் வைத்தாள். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. யார் பையையும் அதில் வைக்க விடமாட்டாள். மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் முதுகுக்குப் பின்னால் அது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்காத பயணம் அவள் போனதில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. பணம் ஒரு தடையே இல்லை. ஆனால், "வாங்கலாம்" என்று வாயைத் திறந்தால், இனிப் பிள்ளை இல்லை என்று சொன்னதாகிவிடும். ஊரே சொல்லி ஓய்ந்துவிட்டது. அவர்கள் இருவரும் மட்டும் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டதே இல்லை. அவர் சொல்லட்டும் என்று அவளும், அவள் சொல்லட்டும் என்று அவரும் இத்தனை காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

யமுனா என்ன நினைத்தாளோ, சாவியைச் சங்கீதாவின் கையில் வைத்தாள். "ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. வேணும் வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால ஓட்டிப் பாத்துருங்க."

குப்புசாமி ஏறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "வயித்த மொதல்ல உள்ள அனுப்புங்க, நீங்க பொறவு வாங்க!" என்றார் கலைமணி. கடைக்காரர்கூடச் சிரித்தார்.

சோளக்காட்டைத் தாண்டி எழுபதாவது வளைவில் வண்டியைத் திருப்பினாள். ஐயோ, என்ன வண்டி! ஸ்டீயரிங்கை ஒடிக்கக்கூட வேண்டாம், நினைத்தாலே திரும்பியது. அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு. ரோட்டோரச் சில்வர் ஓக் நிழல் மடியில் விழுந்து விழுந்து ஓடியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அறுபத்தேழில்தான் உறைத்தது. பின்னால் சரசரப்பு இல்லை. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, காற்றும் ரோடும்தான்.

அறுபத்தாறில் கீழேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறியது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஓரங்கட்டி நின்றாள். பஸ் முக்கி முனகித் திரும்புகிற வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சங்கீதா."

"சொல்லுங்க."

"வாங்கிக்கலாம். நமக்கு ரெண்டு சீட்டுப் போதும்."

இந்த ஒரு சொல்லுக்குத்தான் இருபது வருஷம் காத்திருந்தாள். வந்தால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பியிருந்தாள். எங்கே இறங்கியது? அடப்பாவி மனுஷா, இன்னும் கொஞ்ச காலம் சொல்லாமலே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. அவர் சொல்லாதவரை அந்தப் பிள்ளைக்கு ஓர் இடமாவது இருந்ததே.

"அன்னிக்கு அந்தப் பூவக் கேக்காமயே இருந்திருந்தா..." என்று இழுத்தார். அவர் குரலும் சரியாக இல்லை.

"பூவ ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள், கன்னத்தைத் துடைக்காமலே. "வெள்ளதான் வந்துச்சு. நான் பாத்தேன்."

அவர் கியர் மேலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய் வெகுநேரம் கழித்துத்தான் வண்டியைத் திருப்பினாள்.

டீக்கடைக்கு வந்ததும், "கோயம்புத்தூருக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லீருங்க யமுனாக்கா," என்றாள். கலைமணி கைதட்டி இன்னொரு ஆம்லெட் சொன்னார். கொண்டாட்டமெல்லாம் அடங்கிப் புறப்படும்போதுதான், யமுனா எப்படி ராசிபுரம் போவாள் என்ற கேள்வி வந்தது.

"குவாலிஸ்ல வரட்டும், நான் கொண்டுபோய் உட்டுட்டு வாரேன்," என்றார் குப்புசாமி.

"முன்சீட்டுல காலு மடங்காதே," என்றாள் யமுனா. பிறகு பின்சீட்டைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, நான் எப்படியோ சமாளிச்சுக்கறேன்," என்றாள் அவசரமாக.

சங்கீதா நேராகப் போய்க் குவாலிஸின் பின்கதவைத் திறந்தாள். மங்கி வெடித்திருந்த உறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது, விடாமல் முழுதையும் உரித்தாள். உள்ளே, யாரும் உட்காராத சீட்டு, வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தது.

"காலை நீட்டி உக்காருங்க அக்கா," என்றாள்.

சீட்டிலிருந்து புதுவண்டி வாசம் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.