ஐடாவின் அடுப்பங்கரை

1993 மார்ச்சிலிருந்து கோவிந்தன் எல்லோரையும் போலக் கேஜ் என்ற இரும்புக்கூண்டில் ஏறித்தான் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினான். மேலே வரும்போது மட்டும், தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் தன் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருந்த ஐடாவின் அடுப்பங்கரைத் தரை வழியாக வந்தான். மண்தரை கூழ்போல இளகி வழிவிடும். அவன் கால் வெளிப்பட்டதும் இறுகிக்கொள்ளும். ஐடாவின் கணவன் ஏனோக் அதற்கு முந்தைய மாதம் பாறை வெடித்துச் சரிந்ததில் கீழேயே அகப்பட்டவன், உடல் கிடைக்கவில்லை. ஷிப்ட் முடிந்தபின் அவனைத் தேடித் தோண்டுவதாகவும், அந்த இடத்துக்கு நேர்மேலே ஐடாவின் அடுப்பு இருப்பது தன் குற்றமல்ல என்றும் கோவிந்தன் முதல் நாளே தன் மனைவி மங்கம்மாவிடம் சொல்லிவிட்டான்.

யாரும் நம்பவில்லை. கேட்டில் சோதனைக்கு நிற்காதவன் தங்கமில்லாமல் வரமாட்டான் என்று நிர்வாகம் ஐடாவின் வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளியை உட்கார வைத்தது. அவர் தினமும் கோவிந்தனின் தலைமுடிவரை உதறிப் பார்த்து, ‘மண்’ என்று எழுதிக்கொண்டார். காவலாளி தங்கத்தைத் தேடினார். மங்கம்மா அதே உடம்பில் ஐடாவைத் தேடினாள். ஷிப்ட் முடிவது இரண்டு மணிக்கு. அவன் வீடு சேர்வது நான்கு மணிக்கு. உடம்பெல்லாம் புழுதியிருக்க, முகம் மட்டும் கழுவியிருக்கும்.

“மூஞ்சிக்கு யாரு தண்ணி ஊத்தனது?”

“ஐடாக்காதான். கண்ல மண்ணு, வழி தெரியல.”

“கீழ இருட்டுல தெரியுது, நாலு வூடு தாண்டத் தெரியலியா?”

1996இல் ஒரு ஞாயிறு, ஐடா சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், மங்கம்மா கடப்பாரையோடு போய் அந்தத் தரையைத் தோண்டினாள். முழங்கால் ஆழத்தில் கரும்பாறை. எலி நுழையும் பொந்துகூட இல்லை. ஆகவே கணவன் வாசல் வழியாகவே வந்துபோகிறான், காவலாளியும் உடந்தை என்று முடிவுசெய்தாள். திரும்பிவந்த ஐடா, யார் தோண்டியதென்று கேட்காமல் குழியை மூடிச் சாணமிட்டு மெழுகினாள். அவள் கேட்காததே மங்கம்மாவுக்குப் போதிய சாட்சியாயிற்று. பேத்தமங்களாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போகத் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கையும் களவுமாகப் பிடிக்காமல் போக மனம் வராமல், அந்தப் பெட்டியை ஐந்தாண்டுகள் அப்படியே வைத்திருந்தாள்.

2001 பிப்ரவரி கடைசி நாளில் சுரங்கம் மூடப்பட்டது. கடைசி கேஜும் மேலே வந்துவிட்டது. மேலே வந்தவர்கள் டோக்கனை மாட்டும் பலகையில் கோவிந்தனின் கொக்கி மட்டும் காலியாக இருந்தது. மங்கம்மா பெட்டியோடு ஐடாவின் வீட்டுக்குப் போய், வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் அவ்வழியே வந்தால், அவள் அவ்வழியே ஊரைவிட்டுப் போவதாக இருந்தாள். அடுப்பில் இரண்டு குண்டான்களில் வெந்நீர் காய்ந்தது.

“ரெண்டு எதுக்கு?”

“எட்டு வருசமா ரெண்டுதான் வெக்கறேன்,” என்றாள் ஐடா. “ஒண்ணு தெனம் ஆறிப் போவுது.”

ஐந்தரைக்குத் தரை இளகியது. கோவிந்தன் ஏறிவந்து, குனிந்து, ஒரு கையைப் பற்றி இழுத்தான். எட்டு வருடம் முன்பு கீழே போன நாளின் அதே சட்டையோடு ஏனோக் வந்தான். அந்த நேரத்திலும் மங்கம்மா அவனிடம்தான் விசாரித்தாள்: தன் கணவன் தினமும் தோண்டினானா?

“ஷிப்ட் முடிஞ்சா சத்தம் கேக்கும்,” என்றான் ஏனோக். “ஆனா மேல எந்தப் பக்கம்னு எனுக்குப் புரியல. ஒரு ஞாயித்துக்கெழம தலைக்கு மேல கடப்பாரை உழுந்துச்சி. அத்த வச்சிதான் ஏறனேன். யாரு அது?”

ஐடா மங்கம்மாவைப் பார்த்தாள்; இம்முறையும் கேட்கவில்லை. மங்கம்மா ஒரு குண்டானைத் தூக்கிக் கோவிந்தனின் முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். காவலாளி இருவரையும் உதறிப் பார்த்து, ‘மண், இரண்டு பேர்’ என்று எழுதிவிட்டு, ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார்.