பத்தொன்பதாயிரம் லிட்டர்

மணிக்குப் பத்தொன்பதாயிரம் லிட்டர் தண்ணீரை ஒருத்தி எங்கே ஒளித்து வைப்பாள்? முந்தானையிலா? வால்வு திறக்கும் அக்கா பொருமினாள். பன்னிரண்டு வருஷமாக ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் திருப்பிவிட்டவளை, வழியிலேயே திருடி விற்கிறாள் என்று இன்ஜினியர் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார். இன்று மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் நாத்தனார் வேறு, சோற்றைப் போட்டுக்கொண்டே, "நெருப்பில்லாம புகையுமா?" என்று கேட்டாள்.

அக்கா பாதிச் சோற்றில் எழுந்து நேரே பம்ப் ரூமுக்குப் போனாள். இன்ஜினியர் கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பினார்.

"ஆறு அங்குலக் குழாய். தண்ணி நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுது. அதைக் குழாய் வாயோட பரப்பால பெருக்கினா மணிக்குத் தொண்ணூத்தஞ்சாயிரம் லிட்டர். தொட்டியில ஏறுறது எழுபத்தாறாயிரம். மீதி எங்கம்மா?"

"வேகத்தை எந்த இடத்துல பாத்தீங்க?"

"குழாய்க்கு நடுவுல. வேற எங்க பாப்பாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன் சார், வாய்க்கால்ல இலை போறதைப் பாத்ததே இல்லையா? நடுவுல விழுந்தது ஓடும், ஓரத்துல விழுந்தது ஊரும். குழாய்க்குள்ள மட்டும் தண்ணியெல்லாம் கைகோத்துக்கிட்டா போகும்? அந்தக் கம்பியைக் கொஞ்சம் வெளிய இழுங்க!"

குழாய்க்குள் செருகியிருந்த வேகம் அளக்கும் கம்பியை அவர் சிரித்துக்கொண்டே இழுத்தார். பாதி வழியில் ஒன்று புள்ளி மூன்று. குழாய்ச் சுவரோரம் ஒன்று புள்ளி ஒன்று. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எட்டு இடத்தில் அளந்து சராசரி போட்டார். ஒன்று புள்ளி இரண்டு. பெருக்கினார். எழுபத்தாறாயிரம்.

அட பாவி மனுஷா! படித்த படிப்பென்ன, போட்ட கணக்கென்ன! ஒரு கம்பியை இரண்டு விரற்கடை இழுக்கச் சோம்பல்பட்டு, ஒருத்தி பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தாரே!

"சரிம்மா, விடுங்க. நோட்டீஸைக் கிழிச்சிடறேன்."

"கிழிக்கவா?" அக்கா பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ஊரே படிச்சுட்டுப் போச்சு சார். அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்துலயே உங்க கையால எழுதுங்க, கணக்குத் தப்பு, இவ திருடலைன்னு. அதே மாதிரி கொட்டை எழுத்துல. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"நாத்தனார் போடுற சோறு எனக்குத் தொண்டையில இறங்கணும் சார்."