ஜான்கிக்கு வாய் வந்த கதை

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்த கதை இல்லை. பிஜியில் நாண்டி ஊரை ஒட்டிய மார்டின்டாரில் ஒரு புடவைக் கடையில் பேரம் பேசப் போனேன். கடைக்கார அம்மாள் விலையைக் குறைக்காமல், பதிலுக்குத் தன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். பெயர் ஜான்கி.

எழுத உட்கார்ந்தால் முதல் வரி வரவில்லை.

"கரும்புக் காட்டின் பச்சைக் கடலில் பூத்த தாமரையாக ஜான்கி..." (அந்தப் பக்கம் தாமரையே கிடையாது. அடித்துவிட்டேன்.)

"அழகு என்பது யாதெனில்..." (இதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.)

நேராகவே சொல்கிறேன்.

2.

அறுபதுகளின் தொடக்கம். நாண்டிக்கு வெளியே கரும்பு பயிரிட்டுவந்த அப்பாசாமியின் ஒரே மகள் ஜான்கி. அங்கே குடியேறிய தென்னிந்தியர்களின் சங்கம் நடத்திய ஆண்டு விழாவில் அந்த வருடம் அழகுராணிப் போட்டி வைத்தார்கள். இரவல் செருப்பு போட்டுக்கொண்டு மேடையேறினாள்.

"ராணியானால் மக்களுக்கு என்ன செய்வாய்?" என்று நடுவர் கேட்டார். மற்ற பெண்கள் கல்வி, தொண்டு என்று மனப்பாடம் செய்து வந்திருந்தார்கள்.

"மில் லாரிய டைமுக்கு வரச் சொல்லுவேன்" என்றாள் ஜான்கி.

கூட்டம் முழுக்கக் கரும்பு விவசாயிகள். விசில் நிற்கவேயில்லை. அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள். தமிழ்ப் படங்களைப் பிஜிக்குக் கொண்டுவரும் வியாபாரி ஒருவர், சென்னைக்குக் கப்பல் டிக்கெட்டும் ஸ்டூடியோவில் ஒரு மேக்கப் டெஸ்டும் பரிசாக அறிவித்தார்.

3.

சென்னையில் கொடுத்த வசனம்: "அத்தான்! என்னை விட்டுப் போகாதீர்கள்!"

ஜான்கி கண்ணீர் மல்கச் சொன்னது: "அத்தான்! நம்மள உட்டுட்டு மத் ஜாவோ!"

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: பிஜியில் தமிழையும் இந்தியையும் ஒரே தட்டில் பிசைந்துதான் சாப்பிடுவார்கள்.)

விளக்குப் பிடித்தவர் சிரித்த சிரிப்பில் விளக்கே ஆடியது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் வேணும்மா. வாய் வேண்டாம்."

கதாநாயகியை ஊமையாக்கினார். படம் ஓடோ ஓடென்று ஓடியது. அதன்பின் ஊமைத் தங்கை, ஊமைப் பூக்காரி, ஒரு நீதிமன்றப் படத்தில் ஊமைச் சாட்சிகூட. ரசிகர்கள் அழுதார்கள். அறைக்குத் திரும்பியதும் ஜான்கி கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகப் பேசுவாளாம், குரல் இருக்கிறதா என்று பார்க்க. (இதைச் சொல்லும்போது மட்டும் ஜான்கியம்மாள் சிரிக்கவில்லை.)

4.

படங்கள் ஒவ்வொன்றாக நாண்டிக்கு வந்தன. முதல் படத்தில் அப்பாசாமி பெருமைப்பட்டார். இரண்டாவதில் சந்தேகப்பட்டார். மூன்றாவது முடிந்ததும் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இங்கேர்ந்து போறப்போ வாய் நல்லா இருந்துச்சே!"

அது நடிப்பு என்று சங்கத்துப் பள்ளி வாத்தியார் எடுத்துச் சொன்னார். கடிதம் போடுகிறாளே, அதில் ஒன்றும் சொல்லவில்லையே என்றார்.

"கை எழுதுது, மாஸ்டர். வாய்?"

இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை தளர்ந்தது. ஒரு மனிதர் இவ்வளவு வெகுளியாகவா இருப்பார்? ஜான்கியம்மாளிடமே கேட்டேன். "அப்பாவுக்குப் படம்னா கேமராவுல புடிச்சது. நடக்காதத எப்பிடிப் புடிப்பாங்க?" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.

மகளுக்குப் பேச்சு திரும்பினால் தீ மிதிப்பதாக அப்பாசாமி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிறகு, அம்மனைக் காக்க வைப்பானேன் என்று முதலிலேயே மிதித்துவிடத் தீர்மானித்து, மஞ்சள் துணி கட்டி விரதமும் தொடங்கிவிட்டார்.

5.

அதே நாட்களில் ஜான்கி விடுமுறைக்குக் கப்பலேறியிருந்தாள். சுவா துறைமுகத்தில் இறங்கி நாண்டிக்கு பஸ் பிடித்தாள். வழியில் சிகடோகாவில் காய்கறிக் கூடையோடு ஏறிய சரோஜ் என்பவள் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். (நிஜத்தில் அது ஒரு ஆண் என்கிறார் ஜான்கியம்மாள். எனக்குக் கூடைக்காரியைப் பிடித்துவிட்டது.) சரோஜ் தன் வாயைத் தொட்டு, உதட்டைப் பிதுக்கி, ஆறுதலாக ஒரு கத்திரிக்காயை நீட்டினாள். களைப்பில் ஜான்கியும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

ஊமைக்குக் காதும் கேட்காது என்ற தைரியத்தில் சரோஜ் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள்: "பாவம், இவ வாய்க்கோசரம் இவ அப்பா இன்னிக்கி நெருப்புல எறங்கறாரு."

"இன்னாது?" என்றாள் ஜான்கி.

சரோஜின் கூடை பஸ் முழுக்க உருண்டது.

6.

கோயில் வாசலிலேயே குதித்து இறங்கி ஓடினாள். குழியின் விளிம்பில் அப்பாசாமி.

"யப்பா, நில்லு! எனக்கு வாய் இருக்கு! அது சினிமா!"

மேளம் நின்றது. அவர் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"பேசிட்டா! ஆத்தா, எம்பொண்ணு பேசிட்டா!"

"நான் எப்பவும் பேசிக்கினுதான் இருக்கேன்! எறங்காத!"

"கேட்டதக் குடுத்துட்டாளேம்மா. இப்ப எறங்காம போனா மரியாதையா?"

இறங்கிவிட்டார். அவர் தணலில் நடக்க, ஜான்கி கரையோரமாகவே கூட ஓடினாள், தமிழிலும் இந்தியிலும் திட்டிக்கொண்டே. மறுமுனையில் ஏறியவர் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் திட்டு, கண்ணு."

அவளுக்குத் திட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது.

7.

இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்க விட்டால்தானே! பேச்சு வந்த பெண்ணைக் கேட்க பல ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. அப்பாசாமி ஒவ்வொருவரிடமும் அவளைப் பேச வைத்தார். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. நிஜமாகவே குரல் இல்லை. அப்பாசாமியின் பார்வை மறுபடியும் கோயில் பக்கம் போனது.

அந்த நேரம் பார்த்து இயக்குநரின் தந்தி வந்தது. பிஜிப் பெண்ணாகவே ஒரு வேடம், அவள் பேசுகிறபடியே பேசலாம், அடுத்த கப்பலில் வரவும். வாத்தியார் படித்துக் காட்டினார்.

"போறியா?" என்றார் அப்பாசாமி.

ஜான்கி தலையை ஆட்டினாள்.

முடிவு ஒன்று: கப்பலில் போனாள், பேசினாள், ஊர்

(வேண்டாம்.)

முடிவு இரண்டு: அப்பாவைப் பார்த்தாள், இனி எந்த ஸ்டூடியோவும்

(இதுவும் வேண்டாம்.)

எந்தப் பக்கம் ஆட்டினீர்கள் என்று ஜான்கியம்மாளைக் கேட்டேன். செய்தே காட்டினார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. சரி, போனீர்களா இல்லையா என்றதற்குப் புடவை விலையைச் சொன்னார். வாத்தியார் அதை 'மாட்டேன்' என்று எடுத்துக்கொண்டு வருத்தத்தோடு தந்தியை மடித்தாராம். அப்பாசாமியோ எழுந்து போய், மூலையிலிருந்த அவள் பெட்டியை வீட்டு நடுவில் இழுத்துப்போட்டு மூடியைத் திறந்தார்.

உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வீட்டில் அடுக்கவா, இன்னும் நான்கு துணி வைக்கவா, அது அவர் முகத்திலும் தெரியவில்லையாம். நான் எழுந்துகொள்கிறேன். பெட்டி திறந்துதான் இருக்கிறது. நீங்கள் பார்த்து ஏதாவது செய்யுங்கள்.